என் கைகளையே பார்த்தவர்

மகளிர் குழுவோடு அரண்மனை மியூசியம் பார்க்கப் போயிருந்தேன். மீசைக்குச் சாயம் பூசிய காவலாளி ஒருவர் அறை அறையாக என் பின்னாலேயே வந்தார். அவர் படங்களைப் பார்க்கவில்லை. ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்தே வெடித்துப்போன என் கைகளையே பார்த்தார்.

ஓர் ஓவியத்தில் ஒருத்தி இடுப்பில் ஓலைக்கூடை கட்டி, ஏரியில் இறால் தடவிக்கொண்டிருந்தாள்.

"கூடைய பல்லுல கடிச்சிக்கணும். இது தப்பு" என்று விரலை நீட்டினேன்.

"கைய எடு! உனக்கு இன்னா தெரியும்?" என்று கத்தினார்.

"பழவேற்காட்டுல இதான் என் பொழப்பு. உனக்கு இன்னா தெரியும்?"

உடனே என்னை வாசல்வரை விரட்டிக்கொண்டு வந்தார். நான் படியிறங்கும்போது, "பல்லுலயா?" என்றார்.

முறைத்துவிட்டு வந்துவிட்டேன். கேலி செய்தாரா, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.