எபேசுவில் விட்ட செருப்பு

கடலூரிலுள்ள எங்கள் சபையிலிருந்து இருபத்திரண்டு பேர் விமானத்தில் போய், அங்கிருந்து சுற்றுலாக் கப்பல் ஏறினோம். வேதாகமத்தில் வரும் பழைய ஊர்களை ஒரே வாரத்தில் காட்டிவிடுவதாக ஏற்பாடு. எந்த ஊரிலும் உட்கார விடவில்லை. வழிகாட்டி கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவார், நாங்கள் பின்னால் ஓடுவோம். சின்ன வயதிலிருந்து படித்துவரும் எபேசுவுக்கே இரண்டு மணி நேரம்தானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அங்கே இடிந்த தேவாலயம் ஒன்று இருந்தது. கூரையும் இல்லை, கதவும் இல்லை. ஆனாலும் ஆலயம் ஆலயம்தானே? வாசற்கல் ஓரம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஜெபிக்கக் கண்ணை மூடினால், எவனாவது எடுத்துக்கொண்டு போய்விடுவானோ என்று மனம் செருப்பையே சுற்றியது. கண்ணைத் திறந்தபோது கொடி வேறு பக்கமாக வெளியேறிக்கொண்டிருந்தது.

"ஏங்க, பஸ்ஸு கெளம்பிடும். செருப்பு போனா போவுது, வாங்க!" என்று மனைவி கத்தினாள். கொதிக்கும் சலவைக்கல்லில் வெறுங்காலோடு ஓடினேன்.

திரும்பி வந்ததும், சிதம்பரத்தில் குடியிருக்கும் மைத்துனன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"எங்க ஊரு கோயிலுக்கு வர்றவங்களும் இதத்தான் பண்ணுவாங்க மாமா. கெழக்க கீழ கோபுரத்துல செருப்ப வுட்டுட்டு மேக்க மேல கோபுரத்துல வெளிய வந்து முழிப்பாங்க. சரி, அந்த சர்ச்சுக்குள்ள என்னா பாத்தீங்க?"

யோசித்துப் பார்த்தேன். வாசற்கல்லும் அதன் ஓரத்தில் என் செருப்பும் மட்டும்தான் நினைவுக்கு வந்தன.