மூன்று பேருக்கான காய்கறிப் பை

போன வருடம் தீபாவளி முடிந்த அடுத்த வாரம், செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டு வாசலில் நடந்தது இது.

அனந்தபுரம் பக்கத்தில் பயிர் வைக்கும் ஒரு பெண்ணிடம் எங்கள் பகுதியில் சில வீடுகள் சேர்ந்து, விதைக்கும் முன்பே பணம் கொடுத்துவிடுவோம். மழையோ பூச்சியோ, விளைந்ததைப் பகிர்ந்துகொள்வது என்று பேச்சு. சனிக்கிழமைதோறும் ஒரு பை காய்கறி கேட்டில் தொங்கும். நான் வேலைக்குப் போயிருப்பேன்.

சேர்ந்தபோது வீட்டில் மூன்று பேர். பிறகு மகள் கல்யாணமாகி பெங்களூர் போனாள். சில மாதங்களில் கணவரும் இறந்துவிட்டார். பையை மட்டும் நான் குறைக்கவில்லை. 'ஒருவருக்குப் போதும்' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே, அது வரவில்லை.

எனக்காக மட்டும் சமைக்க மனமில்லை. மோர்சோறு, இல்லாவிட்டால் கடை இட்லி. காய்கள் அழுகும். வெள்ளிக்கிழமை விடியுமுன் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிடுவேன்.

அந்த வாரம் விடாத மழை. நான் வெளியே போகவேயில்லை. சனிக்கிழமை காலை அந்தப் பெண் வந்து நின்றார், முழங்கால்வரை சேறு.

"மழைல தோட்டமே அழிஞ்சி பூட்சிக்கா. எல்லாப் பையும் கொறைஞ்சிருக்குது. நீங்க மூணு பேராச்சே, பத்தாதேன்னு எங்க வூட்டுக்கு எடுத்து வெச்சதையும் போட்டுக்கினு வந்துட்டேன்."

என் காலடியில், கொட்டுவதற்காகக் கட்டி வைத்திருந்த போன வாரக் காய்கள். நாற்றம் அவருக்கும் எட்டிவிட்டது. குனிந்து பிரித்துப் பார்த்தார். அழுகிய சுரைக்காய், பழுத்து வெடித்த பாகற்காய்.

"இன்னாக்கா இது?"

ஊருக்குப் போயிருந்தோம் என்று பொய் சொல்லியிருக்கலாம்.

"நான் ஒருத்திதாம்மா இருக்கேன். அவர் போய் எட்டு மாசம் ஆச்சு" என்றேன்.

அவர் முகத்தில் கோபம் நன்றாகத் தெரிந்தது. "அப்பவே சொல்லி இருந்தா வேற வூட்டுக்குக் குடுத்திருப்பேனேக்கா. நாங்க படற பாடு..." என்றவர் நிறுத்திக்கொண்டார். படியிலேயே உட்கார்ந்து பையைக் கொட்டினார். நான்கு கத்திரிக்காய், இரண்டு தக்காளி, ஒரு பிடி கீரை மட்டும் எடுத்தார். அவற்றை என் பக்கம் தள்ளிவிட்டு மீதியை அள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஒரு ஆளுக்கு இது போதும். ஆக்கி சாப்புடுக்கா."

அன்று குழம்பு வைத்தேன். உப்பு கரித்தது. ஒருவருக்கு எவ்வளவு போடுவது என்று கைக்குத் தெரியவில்லை.

இப்போது சின்னப் பைதான் வருகிறது. எதுவும் மிஞ்சுவதில்லை. வீடு அதேபோல் பேச்சில்லாமல்தான் கிடக்கிறது. ஆனாலும் என் துக்கத்தை வெளியே சொல்லக் கூசி, இன்னொரு வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய காயைக் குப்பையில் கொட்டியிருந்தேனே என்ற வெட்கம் இன்றுவரை என்னை விடவில்லை.