யாரும் கேட்காத இடது கை

என் வலது கையைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாப்பில் பார்க்கிறவர்கள்கூட, "இப்போ எப்படி உண்டு?" என்று வலது கையைப் பார்த்துத்தான் கேட்பார்கள். கேள்வி கைக்கு, பதில் சொல்கிற வேலை மட்டும் எனக்கு. பெங்களூரில் வேலை பார்க்கும் மகளும் வீடியோ காலில், "வலது கையக் காட்டும்மா" என்பாள். இடது கையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. எனக்குப் பயமெல்லாம் அந்தக் கையைப் பற்றித்தான். கக்கூஸ் போனால் கழுவுவது அந்தக் கையால். இதை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினால் என் நோயைப் பற்றி நான் எதுவுமே சொல்லாததாக ஆகும். சமையல் போகட்டும், வேலை போகட்டும், அந்த ஒன்றை மட்டும் சாகும்வரை நானே செய்துகொள்ள வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

நோய்க்கு ஸ்கிளிரோடெர்மா என்று பெயர். தோல் இறுகிக்கொண்டே போகும். விரல்களுக்கு ரத்தம் போகிற வழி சுருங்கும். குளிர் பட்டால் விரல் வெள்ளையாகும், பிறகு நீலம், பிறகு சிவப்பு. நான் வேலை பார்த்த துணிக்கடையில் ஏசி மாட்டிய பிறகுதான் அது முதலில் தெரிந்தது. சேலையை விரித்துக் காட்டும்போது விரல் நுனிகள் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்து நிற்கும். வாங்க வந்தவர்கள் சேலையை விட்டுவிட்டு விரலைப் பார்ப்பார்கள். ஒரு பெண் தன் மகளைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள். முதலாளி நல்லவர், என்னைப் பில் போடும் இடத்தில் உட்காரச் சொன்னார். அங்கே ஏசி நேராக என் தலைக்கு மேல் இருந்தது.

அதன் பிறகு புண் வந்தது. வலது கை ஆள்காட்டி விரலின் நுனியில், மிளகு அளவு. அந்த மிளகளவு இடத்துக்குள் இவ்வளவு வலி எப்படி அடங்குகிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. கதவுத் தாழ்ப்பாள், சேலைப் பின், மாத்திரை அட்டை, மொபைல், எதில் இடித்தாலும் உச்சந்தலைவரை ஏறும். ஒன்று ஆறுவதற்குள் பக்கத்து விரலில் இன்னொன்று. வேலையை விட்டேன்.

வலது கைப் புண்ணுக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி முடியாது. சபையிலிருந்து பெண்கள் சங்கத்தார் கூட்டமாக வந்தார்கள். அவர்களில் மூத்தவர் என் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துவைத்துக்கொண்டு, "கர்த்தாவே, இந்த மகளுக்க வலது கையத் தொடும்" என்று ஜெபித்தார். உருக்கம் கூடக் கூட அவர் பிடியும் இறுகியது. நான் அலறிவிட்டேன். ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்து மற்றவர்கள் சத்தத்தைக் கூட்டினார்கள். அதற்குள் இடது கையிலும் ஒரு விரல் நுனி வெடிக்கத் தொடங்கியிருந்தது. அதற்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? அடக்கிக்கொண்டேன்.

என் கணவர் எலக்ட்ரீஷியன், பைப் வேலையும் செய்வார். அதிகம் பேசமாட்டார். சமையலை அவரே எடுத்துக்கொண்டார், எனக்கு ஸ்பூன் வாங்கி வைத்தார். என் மாத்திரைகளை வாங்குவதும் அவர்தான். அதில் ஒரு கூத்து உண்டு. ரத்தக் குழாய் விரிவதற்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை, ஆண்கள் வேறு ஒரு காரியத்துக்கு ரகசியமாக வாங்கும் அதே மாத்திரை. பாறசாலையில் மருந்துக்கடைக்காரர் ஒருநாள் சிரித்துக்கொண்டே, "இவ்வளவும் வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். "வீட்டில அவளுக்க விரலுக்காக்கும்" என்று இவர் உண்மையைச் சொல்ல, கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அதிலிருந்து காட்டாக்கடைக்கு வேலைக்குப் போகும்போது அங்கிருந்து வாங்கி வருகிறார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதற்குத்தான், கடைசியாக.

இடது கை நடுவிரலில் புண் திறந்தபோது டாக்டர் சொன்னது ஒன்றுதான். நனைக்கக் கூடாது, அழுக்குப் படக் கூடாது. இடது கைக்கு நம் ஊரில் இருக்கிற வேலையே தண்ணீரும் அழுக்கும்தான். வலது கையால் செய்யலாமே என்று தோன்றும். வலது கை விரல்கள் அதற்குள் கொக்கிபோல் மடங்கி அப்படியே நின்றுவிட்டன. தோளும் இறுகியதால் அந்தக் கை பின்னால் எட்டாது. கையுறை மாட்டிப் பார்த்தேன், மாட்டும்போதே உயிர் போனது. கடைசியில் ரொட்டி வருகிற பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு, மணிக்கட்டில் ரப்பர் பேண்டைப் பல்லால் இழுத்து மாட்டினேன். ரொட்டிக் கவர்களை எதற்குச் சேர்த்து வைக்கிறாய் என்று கணவர் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒவ்வொரு முறையும் வெளியே வரும்போது முகம் வியர்த்திருக்கும், கண் நிறைந்திருக்கும். அப்போதுதான் எனக்கு ஒரு புத்தி உதித்தது. தின்றால்தானே போக வேண்டும்? காலையில் ஒரு தோசையோடு நிறுத்தினேன். ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். பழம் தொடுவதில்லை. வயிறு சுருண்டு கேட்கும், தண்ணீரைக் குடித்துச் சமாளிப்பேன். மெலிந்துகொண்டே போனேன். மெடிக்கல் காலேஜில் எடை பார்த்த டாக்டர் முகம் சுளித்தார். இந்த நோய் குடலையும் பிடிக்கும், அதனால்தான் உடம்பில் ஒட்டவில்லை என்று இன்னொரு மாத்திரை எழுதினார். நானும் தலையாட்டினேன். படித்த மனிதரிடம், அதுவும் மகன் வயதில் இருக்கிறவரிடம், வேறு என்ன சொல்ல முடியும்?

நடுவில் ஒரு கோடை எனக்குக் கிடைத்தது. வெயில் ஏற ஏற விரல்களில் ரத்தம் ஓடியது. இடது கைப் புண் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, கீழே இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. காஞ்சிரங்குளத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போனேன். ஸ்பூனை வெட்கப்படாமல் பையிலிருந்து எடுத்துப் பருப்பு, சாம்பார், புளிசேரி என்று ஒன்று விடாமல் தின்றேன். பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். "எட்டி, நீ நல்லா தேறிட்டியே" என்றாள் கூட வேலை பார்த்த பழைய தோழி. ஆமாம், தேறிவிட்டேன் என்று நானும் நம்பினேன். இப்போது நினைத்தால் என்மேலேயே கோபம் வருகிறது.

ஆடி மழை தொடங்கியதும் எல்லாம் திரும்பி வந்தது. இந்த முறை நடுவிரல் நுனி கறுத்தது. மரத்த கறுப்பு. நுனியை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றார்கள். நான் அழுததைப் பார்த்து டாக்டர் தோளில் தட்டி, "பேடிக்கண்ட சேச்சி, இடத்தே கையல்லே" என்றார். பயப்பட வேண்டாம், இடது கைதானே என்று. நல்ல எண்ணத்தோடு சொன்ன ஆறுதல் அது. அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கக் கை ஏது?

நுனியை எடுத்த பிறகு வீட்டுக்கு வந்தபோது கணவர் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். கக்கூஸில் க்ளோசெட் பக்கத்தில் தொங்கும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற ஹெல்த் ஃபாசெட்டுக்கு வெந்நீர்க் குழாயை இழுத்து இணைத்திருந்தார். இடது கைப் பெருவிரலால் லேசாகத் தொட்டாலே தண்ணீர் வரும்படி பிடியையும் மாற்றியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "மழைக்காலம் இல்லியா, வெள்ளம் சில்லுன்னு கெடக்கு" என்றார். ஓணம் வரை அதை வைத்து ஓட்டினேன். தண்ணீர் மட்டும் போதாத நாட்களும் உண்டு, அன்றைக்குப் பழைய ரொட்டிக் கவர்தான். பிறகு அந்தப் பெருவிரலிலேயே புண் வந்தது. சீழ் வைத்து எலும்பைத் தொட்டுவிட்டது என்றார்கள். இடது கையை மணிக்கட்டு வரை கட்டுப்போட்டு அனுப்பினார்கள். எப்போது அவிழ்ப்பார்கள், அவிழ்த்தால் உள்ளே எவ்வளவு விரல் மிஞ்சியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கஞ்சித் தண்ணீரோடு ஒப்பேற்றினேன். அடுத்த நாள் காலை முடியவில்லை. கதவைத் தாழிடாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். காரியம் முடிந்தது. அதற்குமேல் எனக்கு வழி இல்லை. வெளியே கணவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்தி முழுக்க நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு கூப்பிட்டேன்.

"இங்கோட்டு ஒண்ணு வாருங்க."

டிவி நின்றது. வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தார். குனிந்து கழுவத் தொடங்கினார். வெட்கம் தாங்காமல் நான் கத்தினேன்.

"பைய! பைப்பா கழுவுறீங்க?"

"செரி, செரி" என்றார். துணியால் ஒற்றி எடுத்தார். சேலையைச் சரிசெய்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"இனியாவது வயறு நெறயத் தின்னு, மக்கா. இதுக்குத்தானே நீ பட்டினி கெடந்தது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா? பின்னே ஏன் கேக்கல்ல?"

"கேட்டிருந்தா நீ உள்ளதும் தின்ன மாட்டியே."

அன்று மதியம் தட்டு நிறையச் சோறும் மீன் கறியும் வைத்தார். வலது கையில் ஸ்பூனை இடுக்கிக்கொண்டு முழுவதையும் தின்றேன். எனக்குள் இவ்வளவு பசி இருந்தது எனக்கே தெரியாது. அதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. மெடிக்கல் காலேஜ் அலைச்சல் தொடங்கிய பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. ஓடிப்போய் இன்னும் ஒரு கரண்டிச் சோறு கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அதையும் தின்றேன். கண்ணில் தண்ணீர் வழிந்ததைப் பார்த்து, "எரிவு கூடிப்போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தின்ற ஒவ்வொரு வாய்க்கும் நாளைக் காலை நான் அவரைக் கூப்பிட வேண்டும்.