பெரியத்தான் வளர்த்த ராஜா

ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீனைக் கொண்டாடிக்கொண்டு கிடந்தது எங்கள் தென்காசி வீடு. கொழும்பில் கடை வைத்திருந்த உறவுக்காரர் தகர டப்பாவில் கொண்டுவந்தது. ஆப்பிரிக்கச் சாதியாம். உடம்பெல்லாம் சிவப்பு, மேலே நீலப் புள்ளி. என் கணவரின் அண்ணன், நான் பெரியத்தான் என்று சொல்கிறவர், முன்கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து அதற்கு ராஜா என்று பேரும் வைத்தார்.

கூட விட்ட மீனையெல்லாம் அது கடித்தே கொன்றது. ஒவ்வொரு பிணத்தை எடுத்துப் போடும்போதும் பெரியத்தானுக்குப் பெருமை தாங்காது. “ஆம்பளைன்னா இப்படில்லா இருக்கணும்!” குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருகிறவர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டுவார். அவர்களும் ஆகா என்பார்கள், காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். அந்தத் தொட்டியைத் தாண்டும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மீனைப் பார்த்து அல்ல.

அந்த வருஷம் ஆலங்குளத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் திறக்கிற திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். தம்பி பெண்டாட்டியிடம் பெரியத்தான் நேரே பேச மாட்டார். நான் எதிரே நிற்கும்போதே என் கணவரிடம் சொன்னார்: “ஏலே, நம்ம வீட்டுப் பொம்பள சம்பளத்துக்குப் போவுதாளா? ஊரு சிரிக்கும்லா?” என் கணவர் ராஜாவுக்கு இரை போடப் போய்விட்டார்.

அதே வாரம் ராஜாவுக்குக் கல்யாணம். கொழும்புக்காரர் இன்னொரு மீன் கொண்டுவந்திருந்தார். சின்னதாக, பயந்த மாதிரி இருந்ததால் அது பெண் என்று முடிவு கட்டினார்கள். பஞ்சாங்கம் பார்த்து, நல்ல நேரத்தில் தொட்டியில் விட்டு, தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார் பெரியத்தான். நான் வேலைக்குப் போனால் சிரிக்கும் என்ற ஊர், இதற்குச் சிரிக்காமல் சர்க்கரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டது. பொண்ணு போன வேகத்தில் தொட்டிக்குள் கிடந்த உடைந்த சட்டி ஓட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைய விருந்தாளிகள். ராஜா அந்த ஓட்டின்மேல் வயிற்றை ஒட்டி ஒட்டி நகர்ந்தது. போன இடமெல்லாம் ஜவ்வரிசி மாதிரி முட்டை. ஒருவர் பலமாகச் சிரித்துவிட்டார். “அண்ணாச்சி, உங்க ராஜால்லா முட்டை போடுதாரு!”

பெரியத்தான் முகம் செத்துவிட்டது. “இந்தப் பிடாரியைக் கொண்டுபோய்க் கால்வாய்ல கொட்டுலே” என்றார் தம்பியிடம். அதே மீன்தான், அதே பல்தான். நேற்றுவரை வீரம் என்று சொன்னதும் இதே வாய்தான்.

என் கணவர் வாளியும் கையுமாக வந்தார். பெரியத்தான் எதிரே நிற்கும்போதே என் கணவரிடம் சொன்னேன்: “வாளியைக் கீழ வைங்க அத்தான். நாளைக்குக் காலைல முதல் பஸ்ல நான் ஆலங்குளம் போவுதேன்.”

மறுநாள் நான் படியிறங்கும்போது ராஜா முட்டைக்குக் காவல் நின்றது. என் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பெரியத்தான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.