செல்லையாவிடம் யார் சொல்வது?

போன ஞாயிற்றுக்கிழமை கல்பாத்தியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. பார்க்க வந்த அடுத்த வீட்டு மாமா கண்ணைப் பற்றி ஒரு நிமிஷம் விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீ இன்னும் அந்தக் கொலைகாராளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்துண்டுதான் இருக்கயோ?”

“ஆமாம் மாமா.”

“அவாள்ளாம் நடிக்கறாளாக்கும், கேட்டயோ? பைத்தியம்னு சொல்லிட்டா தூக்கு இல்லை, ஜெயில் இல்லை. நன்னாத் தப்பிச்சுண்டுடறா.”

அம்மா கட்டுப் போட்ட கண்ணோடு, “மாமாவுக்குக் காபி கலந்து கொண்டு வாடி” என்றாள். வாதம் வேண்டாம் என்று அர்த்தம். கலந்து கொடுத்தேன்.

ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் வழி முழுக்க அதே யோசனை... தப்பித்துவிடுகிறார்களா?

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சர்க்கார் மனநோய் ஆஸ்பத்திரியில் ஆக்குபேஷனல் தெரபி பிரிவுக்கு நான் மேற்பார்வையாளர். நோயாளிகளுக்கு வேலை கொடுத்து, அந்த வேலை மூலமாகவே அவர்களை மனுஷர்கள் பக்கம் திருப்புகிற பிரிவு. தறி, தையல், பிரம்பு, தோட்டம். மேற்பார்வை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஸ்டோரிலிருந்து நூல்கண்டு வரவில்லை என்று சண்டை போடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

எங்களிடம் கோர்ட் வார்டு என்று ஒன்று உண்டு. குற்றம் செய்தபோது புத்தி சுவாதீனத்தில் இல்லை என்று கோர்ட் தீர்மானித்து அனுப்பியவர்கள் அங்கே இருக்கிறார்கள். செல்லையா அங்கேதான் இருந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன், மற்றதை மாற்றவில்லை.

செல்லையா சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். கல்யாணம் ஆகவில்லை. எஸ்டேட் லயத்தில் — தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் — அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். திடீரென்று தூக்கம் போயிற்று. ஃபாக்டரிச் சங்கு தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது என்றார். சோற்றில் அண்ணன் ஏதோ கலக்கிறான் என்றார். கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள், மந்திரித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூட்டிப்போகவில்லை. ஒருநாள் காலையில் மம்பட்டிக் காம்பை எடுத்து அண்ணனைத் தலையில் அடித்துவிட்டார். அண்ணன் பிழைக்கவில்லை.

எங்களிடம் வந்தபோது வாயே திறக்க மாட்டார். மருந்து கொடுத்தோம். ராத்திரி தூங்கினார், சாப்பிட்டார், குளித்தார். பேச்சு மட்டும் இல்லை. டாக்டர் அவரைத் தையல் அறைக்கு அனுப்பினார்.

அங்கே இன்ஸ்ட்ரக்டர் ருக்மணி. கொழிஞ்சாம்பாறைப் பெண். கத்தரிக்கோலைச் சாவிக்கொத்தோடு இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவாள். யாருக்கு எப்போது கொடுக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். செல்லையாவைத் தலையணை உறை தைக்க உட்கார்த்தினாள். ஒரு வாரம் கழித்து அவர் வாயிலிருந்து முதல் வார்த்தை வந்தது. “நூல் அந்துபோச்சு டீச்சர்.”

அதைச் சொல்ல ருக்மணி என் அறைக்கு ஓடியே வந்தாள். எங்கள் தொழிலில் சந்தோஷம் இப்படித்தான் வரும்... நூல் அறுந்த மாதிரி சின்னதாக.

பிறகு மெதுவாகப் பேச்சு வந்தது. பைஜாமா தைத்தார், நர்ஸுகளுக்கு ஏப்ரன் தைத்தார். கை சுத்தம். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது — அந்தச் சட்டை வரும் வரை.

ஒருநாள் மத்தியானம் ருக்மணி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

“ஏனுங்க மேடம், செல்லையா மீந்த துணியில ஒரு சட்டை வெட்டிருக்காருங்க.”

“வெட்டட்டுமே. என்ன இப்போ?”

“யாருக்குன்னு கேட்டனுங்க. எங்க அண்ணனுக்குங்கறாரு. என்னையப் பார்க்க வர்றப்பக் குடுக்கோணும், அவரு என்ற ஒசரந்தான், தோளு மட்டும் கொஞ்சம் அகலம்ங்கறாரு. நான் என்னத்தச் சொல்லட்டுங்க?”

என்னத்தைச் சொல்வது? பம்பாயில் இந்தத் தொழிலுக்குப் படித்தபோது எனக்கு எவ்வளவோ சொல்லிக் கொடுத்தார்கள். இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

டாக்டரிடம் போனேன். நல்ல மனுஷர். யோசித்துவிட்டுச் சொன்னார்: அவராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள், கேட்காத வரை நீங்களாகச் சொல்லவும் வேண்டாம். சரியான யோசனைதான். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை செல்லையாவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவள் ருக்மணி. அண்ணனுக்கு அகலக் காலர்தான் பிடிக்கும், இப்போ அதுதானே ஃபேஷன் என்று அவர் சொல்லும்போதெல்லாம் தலையாட்ட வேண்டியவளும் அவள்தான்.

“என்னையத் தறிக்கு மாத்திப்போடுங்க மேடம்” என்றாள்.

மாற்றவில்லை. மத்தியானம் ஆனால் நானே தையல் அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். வேறு உபகாரம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேராக உட்கார்ந்து தலையாட்டினோம். சட்டை வளர்ந்தது.

செல்லையாவின் உடம்பு தேறியதும், வெளியே விடலாமா என்ற பேச்சு எழுந்தது. அதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டும். இவர் எங்கள் பொறுப்பு என்று உறவுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் உத்தரவு. செல்லையாவுக்கு உறவு என்று மிச்சம் இருந்தது ஒரே ஆள் — அண்ணன் மனைவி பேச்சியம்மாள். ஆபீஸிலிருந்து அவருக்கு எழுதினார்கள்.

இதில் இருக்கிற குரூரத்தைக் கவனித்தீர்களா? புருஷனை அடித்துக் கொன்றவனுக்குப் பொறுப்பேற்கிறாயா என்று அந்தப் பெண்ணிடமே கேட்கிறோம். சட்டத்தில் வேறு வழி இல்லை.

பேச்சியம்மாள் நேரிலேயே வந்துவிட்டார். மலையிலிருந்து இறங்கி, பஸ் மாறி மாறி, தனியாக. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன விரல்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நுனியில் உட்கார்ந்தார்.

“கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லத்தான் வந்தேன்மா. தபால்ல எழுதிப் போட்டா ஈரமில்லாத பொம்பளன்னு நெனப்பீக. அதான் மொகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போயிரலாம்னு.”

“யாரும் தப்பாக நினைக்க மாட்டோம்” என்றேன்.

தரையைப் பார்த்தபடி கேட்டார். “அவன் எப்படி இருக்கான்?”

தேறிவிட்டார், தைக்கிறார் என்றேன். சட்டையைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. அவரைப் பார்க்கத் தையல் அறைக்குப் போனால் கண்ணில் படுமே. சொன்னேன்.

பேச்சியம்மாள் நிமிர்ந்தார். “அப்ப அவனுக்குத் தெரியாதா?”

“ஞாபகம் இல்லைன்னு நினைக்கிறோம். கோர்ட்டுல சொன்னதும் அவர் மனசுல ஏறலை.”

“இவ்வளவு நாளா எல்லாருமாச் சேந்து சொல்லாம வச்சிருக்கீகளா?” குரலை உயர்த்தவில்லை. “எனக்கு மட்டும் தெனமும் விடியுறப்ப ஞாபகம் வருதேம்மா.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“நான் சொல்லுதேன்” என்றார்.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் பேச்சியம்மாளிடம் நீண்ட நேரம் பேசினார். கடைசியில், இதைச் சொல்ல இவரைவிடத் தகுதியான ஆள் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு, கூடவே வந்தார். தையல் அறையிலிருந்து ருக்மணி மற்றவர்களை வெளியே அனுப்பினாள்.

மதினியைப் பார்த்ததும் செல்லையா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கண்கள் அவருக்குப் பின்னால் வாசலைத் தேடின.

“வாங்க மதினி. அண்ணன் வரலையா?”

“அண்ணன் இல்ல செல்லையா. செத்துப்போனாக.”

“எப்போ?”

“நீ இங்க வர்றதுக்கு முந்தியே. நீதான் அடிச்ச.”

“நானா?”

“நீதான். மம்பட்டிக் காம்பால. ஒனக்கு அப்பச் சொகமில்ல.”

செல்லையா உட்கார்ந்தார். கை தானாக மிஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு, கேட்குமோ கேட்காதோ என்கிற குரலில், “அண்ணன் ஏதாச்சும் சொன்னாரா மதினி?”

அந்தக் கேள்வியைப் பேச்சியம்மாள் எதிர்பார்க்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். எடுத்துவிட்டுச் சொன்னார்.

“லயத்து ஆளுக ஒன்னய அடிக்க ஓடியாந்தாக. ஒங்க அண்ணன் ‘அவன அடிக்காதீக, சொகமில்லாத பய’ன்னாக. அதுக்குப் பெறகு பேச்சு இல்ல.”

செல்லையா அழுத சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. பேச்சியம்மாள் அவரைத் தொடவில்லை, தேற்றவில்லை. எழுந்தும் போகவில்லை. அழுது முடிகிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, ஒரு பக்கக் கை இன்னும் தைக்காமல் கிடந்த சட்டையை ஒரு தரம் பார்த்தார். எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து வந்தது மோசமான காலம். செல்லையா கட்டிலை விட்டு இறங்கவில்லை. தனக்கே ஏதாவது செய்துகொள்வாரோ என்று ஆள் போட்டுக் காவல் வைத்தோம். ருக்மணி என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: “சொல்லாமயே உட்டிருக்கலாமுங்களே மேடம்?”

தெரியவில்லை ருக்மணி என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

ஆனாலும் அவள் தினம் காலையில் வார்டு வாசலுக்குப் போவாள். “உங்க மிஷின் காலியாத்தானுங்க இருக்குது” என்று ஒரே வாக்கியம். சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். வா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு காலையில் அவள் திரும்பி நடந்தபோது பின்னாலேயே செல்லையாவும் நடந்து வந்தார். அந்தச் சட்டைக்கு மிச்சமிருந்த கையை வைத்து, பொத்தான் தைத்து, “யாருக்காச்சும் குடுத்துருங்க டீச்சர்” என்றார். வார்டில் பார்க்க வர ஆளில்லாத ஒரு பெரியவருக்குக் கொடுத்தோம். கிழிகிற வரை போட்டுக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் குணமானால் உடம்பு லேசாகும். கோர்ட் வார்டில் குணமாவது வேறு மாதிரி. புத்தி தெளியத் தெளியத்தான் பாரம் ஏறும். அதைத் தூக்கிக்கொண்டு எழுந்து நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். செல்லையா கற்றுக்கொண்டார். சில நாள் முடியாமல் உட்கார்ந்துவிடுவார். ருக்மணி மிஷினுக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் பக்கத்திலேயே இருப்பாள்.

அடுத்த வருஷம் பேச்சியம்மாள் மறுபடி வந்தார். யாரும் எழுதிக் கூப்பிடவில்லை.

“எங்க லயத்துக்கு வரக்கூடாதும்மா. அது என்னால ஆகாது. வண்டன்மேட்டுல எங்க சித்தப்பா ஏலக்காய்க்குச் சாக்குத் தச்சுக் குடுக்காக. அங்க இருக்கட்டும். வேல செய்யுற கை, ஒழச்சுத் திங்கட்டும். எங்க போடணும் கையெழுத்து?”

டாக்டர் சர்டிஃபிகேட் கொடுத்தார். உத்தரவு வர மாசக்கணக்காயிற்று, ஆனால் வந்தது. இன்று செல்லையா வண்டன்மேட்டில் சாக்கு தைக்கிறார். மாத்திரை வாங்க எங்களிடம் வருவார். வந்தால் தையல் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். பேச்சியம்மாள் அவரைப் போய்ப் பார்ப்பதில்லை. சித்தப்பாவிடம் விசாரித்துக்கொள்வதாகக் கேள்வி.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வாசல் வரை போன பேச்சியம்மாள் திரும்பி வந்தார்.

“அம்மா, மன்னிச்சிட்டேன்னு எங்கயும் எழுதிராதீக.”

எழுதவில்லை, பேச்சியம்மா.