சேரப்பணஞ்சேரியில் சீனியவரை

காலை 6.40. தாம்பரம் மேற்கில் நின்ற வெள்ளைப் பேருந்தில் நான் ஏறியதும் ஓட்டுநர் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐடி கார்டு கீதா சார்?"

"நான் கோயமுத்தூருங்க. ஆராய்ச்சிக்கு வந்திருக்கறேன்."

"இது கம்பெனி பஸ்ஸு சார். தோ, கவர்மென்ட் பஸ்ஸு வருது பாரு, ஓடு."

ஓடினேன். சேரப்பணஞ்சேரி பதினெட்டு கிலோமீட்டர்தான் இருக்கும். லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பக்கத்து இருக்கை இளைஞர் இரவு ஷிப்ட் முடித்தவர். என் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினார்.

மருத்துவம் படிப்பவர்கள் நோயாளியின் கட்டிலருகே கற்கிறார்கள். ஆசிரியர் ஆகப் படிப்பவர்கள் நிஜமான வகுப்பில் அப்படிக் கற்கிறார்களா? இதுதான் என் ஆராய்ச்சி. இதற்காக நானே தயாரித்த நான்கு பக்கப் படிவம் பையில் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

8.15. பள்ளி எதிரே பன்னிரண்டு ரூபாய்த் தேநீர். அங்கேதான் செல்வியைப் பார்த்தேன். பி.எட். மாணவி, அம்பாசமுத்திரம். ஒரகடத்தில் வேலை பார்க்கும் அண்ணன் வீட்டில் தங்கி இந்தப் பள்ளியில் பயிற்சி எடுக்கிறாள். தேநீர் ஆறியும் குடிக்கவில்லை.

"போன தடவ எடுத்த பாடம் சரியில்லன்னு திரும்ப எடுக்கச் சொல்லிட்டாவ சார். இன்னைக்கும் போச்சுன்னா இந்த வருசமே போச்சு."

9.40. ஆறாம் வகுப்பு, பாடம் விதை. கடைசி பெஞ்சில் நானும், மதிப்பெண் போடும் மலர்விழி டீச்சரும்.

"நேத்து சொன்னேம்லா, சீனியவரக்காயை எடுங்க" என்றாள் செல்வி.

ஒவ்வொரு மேசையிலும் ஓர் அவரைக்காயும் ஒரு காகிதப் பொட்டலமும் வந்தன. பொட்டலத்தைப் பிரித்தால் சர்க்கரை!

"என்னது இது?"

"நீங்கதான மிஸ் சீனி, அவரக்கா எத்துகினு வரச் சொன்னீங்க? சீனின்னா சக்கரையாம். இவன் அம்மா தூத்துக்குடி, அதான் இவனுக்குத் தெரிஞ்சுது."

கொத்தவரங்காய்க்குத் தெற்கே சீனியவரை என்று பெயர். இந்தப் பக்கம் அதை யார் கண்டார்கள்? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மலர்விழி டீச்சர் முறைத்த முறைப்பில் அடங்கினேன்.

செல்வியின் முகம் செத்துப்போயிற்று. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய பாடத்திட்டத்தைப் பார்த்தாள். பிறகு அதை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"சரி, அவரக்காயை உரிங்க."

அதற்குள் பாதிச் சர்க்கரை வாய்களுக்குப் போயிருந்தது. முன்வரிசைப் பெண் கேட்டாள்: "மிஸ், சக்கரைய மண்ணுல போட்டா இன்னா மொளைக்கும்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை.

"நல்ல கேள்வி. வெத மொளைக்கி. சீனி ஏன் மொளைக்க மாட்டேங்கு?"

"கரைஞ்சிடும் மிஸ்!"

"எறும்பு துன்னுடும்!"

"அதுக்கு உசுரு இல்ல மிஸ்."

"உசுரா? வெதைக்கு மட்டும் எங்கன இருக்கு?"

ஆளுக்கொரு விதையை நகத்தால் பிளந்தார்கள். உள்ளே ஓரத்தில் ஒட்டியிருந்த துளி முளையைப் பார்க்கத் தலைகள் முட்டிக்கொண்டன. படிவத்தை மறந்து நானும் ஒன்றைப் பிளந்தேன். மணி அடித்தும் ஒரு பிள்ளைகூட எழவில்லை.

10.30. ஆசிரியர் அறை.

"திட்டத்துல எழுதுனது ஒண்ணுகூட நீ நடத்தல" என்றார் மலர்விழி டீச்சர்.

"ஆமா டீச்சர்." செல்வி தலை நிமிரவில்லை.

"இந்தப் புள்ளைங்க இனிமே விதைய மறக்காதும்மா. பாஸ். இனிமேலாவது கொத்தவரங்கான்னு சொல்லு."

செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கியது என்பதை மறைப்பானேன்?

பகல் 12.10. திரும்பும் பேருந்தில் படிவத்தை எடுத்தேன். 'வகுப்பு திட்டப்படி நடந்ததா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதவேண்டி வந்தது. கோயமுத்தூரில் ஒரு பி.எட். கல்லூரியில் பன்னிரண்டு வருடமாகப் பாடத்திட்டம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். அதை எப்போது கவிழ்த்து வைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

படப்பையில் பேருந்து நின்றபோது, செல்வி தந்திருந்த எண்ணுக்குப் போன் செய்து, எங்கள் கல்லூரிக்கு வந்து ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"கேலி பண்ணாதிய சார்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

நான் கேலி பண்ணவில்லை. மறுபடி அழைத்தேன்.