செல்லசாமி இருந்த அறை

கட்டுக்கதை என்பவர் டயகம தேயிலைத் தோட்டத்துக்கு வரலாம். நான் உடைத்த ஜன்னலில் இன்னும் பலகைதான் அடித்திருக்கிறார்கள்.

2008. போயா என்ற பௌர்ணமி விடுமுறை, இரவு. தோட்டத்து ஒஃபிசில் ஒரே சேர்வர். யார் உள்ளே நுழையலாம் என்ற பெயர்ப் பட்டியலும், எல்லோரும் திறக்கும் ஃபைல்களும் அதில்தான். இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். பெரிய கிளாக்கர் முத்துலிங்கம் என்னை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினார்.

“காலையில ஃபைல் திறக்கலேன்னா மம்பட்டிய தூக்கிட்டு மலைக்குப் போ.”

“பூட்டணுமாங்க ஐயா?”

“லயத்துப் பயல வேற எப்புடி நம்புறது?”

வழி இரண்டு. வேர்ச்சுவல் மெஷின் என்றால் தனி வீடு. அத்திவாரம், கூரை எல்லாம் சொந்தம், இடத்தை விழுங்கும். கொன்டெய்னர் என்றால் லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, கூரை மட்டும் ஒன்று. பக்கத்து அடுப்புப் புகை நம் கண்ணை எரிக்கும். பழைய மெஷின். லயத்தையே கட்டினேன்.

விடிய 3.20. கரண்ட் போனது. பக்கத்து அறையில் ஜெனரேட்டர் உறுமியது. சேர்வர் நிற்கவில்லை.

3.41. பட்டியலில் ‘செல்லசாமி’. எனக்கு முன் இந்த வேலையில் இருந்து செத்தவன். அழித்தேன்.

3.46. ஃபைல் கொன்டெய்னரில் அதே பெயர். அதை நிறுத்தினேன். மற்றதில் வந்தது... சுவரேறிக் குதித்த மாதிரி.

இரண்டையும் மூடினேன். எப்படியோ இடம் பிடித்து வேர்ச்சுவல் மெஷின் ஒன்றை எழுப்பி, எல்லாவற்றையும் அதற்குள் போட்டேன்.

“இப்ப வாடா பாப்போம்.”

4.09. செல்லசாமி. பாஸ்வேர்ட் பிழை.

4.10. பிழை.

நெட்வேர்க் வயரைப் பிடுங்கினேன்.

4.11. பிழை...

தலை கனத்தது. டீசல் நாற்றம். ஜெனரேட்டர் அறைச் சுவரும் லயம் மாதிரிக் கூரையைத் தொடவில்லை. மேல் இடைவெளியில் கறுப்புப் புகை வழிந்தது.

கதவைத் தட்டினேன்.

என் பக்கத்தில் இன்னொரு கையும் தட்டியது.

டக்... டக்...

4.13. பாஸ்வேர்ட் சரி.

கழுத்தில் மூச்சு.

நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்தேன்...

வெளியே விழுந்து கிடந்த என்னைக் காவல்கார அழகன்தான் தூக்கி நிறுத்தினார்.

“ஜெனரேட்டர நிப்பாட்டுங்கண்ணே!”

“எந்த ஜெனரேட்டர்?”

பக்கத்து அறையைத் திறந்து காட்டினார். வெறும் தரை.

“செல்லசாமியயும் பெரிய கிளாக்கர் இப்புடித்தான் பூட்டி வச்சாரு. ஜெனரேட்டர் புகையில செத்தான். அந்த வாரமே அத கழட்டிட்டுப் போயிட்டாங்க.”

காலையில் ஃபைல்கள் திறந்தன.

கரண்ட் அன்று விடிய 5.10க்குத்தான் வந்தது. பற்றரி எதுவும் அங்கே கிடையாது. ஆனால் சேர்வர் ஒரு நிமிடம்கூட நின்றதாகப் பதிவில் இல்லை.